டவாலிக்காரர் பிரிக்காத கவர்

எந்த வருஷம் என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. கள்ளக்குறிச்சியை விழுப்புரத்திலிருந்து பிரித்துத் தனி மாவட்டம் ஆக்கினார்கள். அதற்குப் பின்னால் கொரோனா வந்து பஸ்ஸையெல்லாம் நிறுத்தினார்கள். நிறுத்திய பஸ்ஸை மறுபடி விட்ட முதல் வாரம் அது. அதை மட்டும் உறுதியாகச் சொல்வேன். ஏனென்றால் பஸ்ஸில் ஏறும்போது கண்டக்டர் என் உள்ளங்கையில் குளுகுளு என்று எதையோ ஊற்றினார். நான் தீர்த்தம் என்று நினைத்து வாய்க்குக் கொண்டுபோனேன்.

"பெரியவரே, குடிச்சிடாத. கையில தேயி" என்று அவர் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார்.

"தலையில தடவிக்கலாமா?" என்று கேட்டேன். பஸ்ஸே சிரித்தது. அந்த பஸ்ஸில் போன அன்றுதான் டவாலிக்காரரை முதன்முதலாகப் பார்த்தேன்.

பெரிய அதிகாரிக்கு முன்னால் ஒருவர் தோளிலிருந்து இடுப்புக்குக் குறுக்கே சிவப்புப் பட்டை போட்டுக்கொண்டு நடப்பார். கதவு திறந்துவிடுவார், ஃபைல் தூக்குவார், உள்ளே ஆள் இருந்தால் நம்மை வெளியே நிற்க வைப்பார். அந்தப் பட்டைக்குத்தான் டவாலி என்று பேர். இவர் அந்த வேலையில் முப்பது வருஷத்துக்கு மேல் இருந்து ரிட்டையர் ஆனவர். அவர் பேர் எனக்குத் தெரியும். சொல்ல மாட்டேன். சொன்னால் அவருக்குப் பிடிக்காது.

நான் எதற்குக் கள்ளக்குறிச்சி போனேன் என்று சொல்ல வேண்டும். எங்கள் ஊர் கல்வராயன் மலை இறங்கி முடிகிற இடத்தில் இருக்கிறது. ஊர் என்றால் ஒரே தெரு. எல்லோரும் கூலிக்காரர்கள்தான். கரும்பு வெட்டுவோம், மரவள்ளி பிடுங்குவோம், கூப்பிட்டால் எதற்கும் போவோம். ரேஷன் கடை ஓடைக்கு அந்தப் பக்கம், பெரிய ஊரில். அரிசி வாங்கப் போகிற நாளில் ஒரு நாள் கூலி போய்விடும். மழைக் காலத்தில் அரிசியே போய்விடும். மேலே கரியாலூர் பக்கம் மழை பிடித்தால் எங்களுக்குத் தெரியாது. எங்கள் தலைக்கு மேல் வெயில் காய்ந்துகொண்டு இருக்கும், ஓடையில் மட்டும் செந்தண்ணீர் புரண்டு வரும். என் சம்சாரம் ஒரு தடவை அரிசியோடு பாதி ஓடையில் நின்றுவிட்டாள். அவளைப் பிடித்து இழுத்துக் கரையேற்றினோம், பையை விட்டுவிட்டோம். அந்த மாசம் முழுக்கக் கேழ்வரகுதான். அதைப் பற்றி அவளிடம் இன்றைக்கும் பேசக்கூடாது.

அதனால் வாரத்தில் இரண்டு நாளாவது எங்கள் தெருவிலேயே அரிசி போடுங்கள், பகுதி நேரக் கடை கொடுங்கள் என்று மனு மேல் மனுவாகக் கொடுத்தோம். ஆபீசர்கள் வந்து பார்த்தார்கள், ஓடையைப் படம் எடுத்தார்கள், மேலே எழுதியிருக்கிறோம் என்றார்கள். அப்புறம் ஒரு நாள் எங்கள் பக்கத்துக் கட்சிக்காரர் ஒருவர் மோட்டார் சைக்கிளை நிறுத்தாமலே சொல்லிவிட்டுப் போனார்.

"ஃபைலு மந்திரி வரைக்கும் போயி, அவரு வேணாம்னுட்டாராம்பா. கார்டு கம்மியாம். வுட்டுடுங்க."

மந்திரியே வேண்டாம் என்ற பிறகு என்ன செய்வது? விட்டுவிட்டோம். மனு எழுதுவதையும் நிறுத்திவிட்டோம். இரண்டு மழைக்காலம் அப்படிப் போனது.

நான் அன்றைக்குப் போனது வேறு வேலைக்கு. கரும்புத் தோகை அறுத்து அறுத்து என் கட்டைவிரல் ரேகை தேய்ந்துவிட்டது. ரேஷன் கடை மெஷினில் விரலை வைத்தால் நான் யார் என்று அதற்குத் தெரியவில்லை. ஆதாரில் ரேகையைப் புதுப்பித்து வா என்றார்கள். அதற்கு ஏதோ ஜெராக்ஸ் வேண்டும் என்று கலெக்டர் ஆபீசுக்கு எதிரே இருந்த ஜெராக்ஸ் கடைக்குப் போனேன். கடை வைத்திருந்தது ஒரு பெண், முப்பது வயசு இருக்கும், நல்ல வாய். அவளிடம் என் ரேஷன் கதையைச் சொல்லிக்கொண்டு நின்றேன். நான் கதை ஆரம்பித்தால் நீளும், உங்களுக்கே தெரிந்திருக்கும். பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஒருவர் மெதுவாகக் கேட்டார். அவர்தான் டவாலிக்காரர்.

"மந்திரி வேணாம்னாருன்னு யாருங்க சொன்னது?"

உயரமான ஆள், வெள்ளைச் சட்டை, வெள்ளைப் பேன்ட், துவைத்துத் துவைத்து உள்ளே இருப்பது தெரிகிற மாதிரி. செருப்பைக் கடைக்கு வெளியே கழற்றி ஜோடியாக வைத்திருந்தார். ஜெராக்ஸ் கடைக்கு யார் செருப்பைக் கழற்றுவார்கள்?

"கட்சிக்காரரு சொன்னாருங்க."

"அவரு பேப்பர பார்த்தாராங்க?"

"அது தெரியாதுங்களே."

"அப்ப அது பேச்சு. பேச்சுக்கு நம்பரு கிடையாதுங்க பெரியவரே. தேதியும் கிடையாது. மந்திரி ஒண்ணு சொன்னா அது பேப்பர்ல இருக்கும், பேப்பர் ஒரு மேசையில இருக்கும்."

"மாமா ஆரம்பிச்சிட்டாரு" என்றாள் ஜெராக்ஸ் கடைப் பெண். "இனிமே நீங்க வூட்டுக்குப் போனாப்போலதான்."

அப்படித்தான் ஆயிற்று. அன்றைக்கு என்னை ஆதார் ஆபீசுக்கு அவரே கூட்டிப் போனார். கூட்டிப் போனார் என்றா சொன்னேன், எனக்கு முன்னால் இரண்டடி தள்ளி, கொஞ்சம் இடது பக்கமாக நடந்தார். ரோட்டில் யாராவது குறுக்கே வந்தால் கையை லேசாக நீட்டி, "கொஞ்சம் வழிங்க" என்பார். கோவணம் கட்டி நாற்று நட்டவன் நான், அழுக்குத் துண்டோடு பின்னால் போகிறேன். முன்னால் ஒருவர் எனக்கு வழி விலக்கிக்கொண்டு போகிறார். கூச்சமாகவும் இருந்தது, பொய் சொல்வானேன், நன்றாகவும் இருந்தது. பிறகு தெரிந்துகொண்டேன், அவருக்கு யாரோடு போனாலும் அப்படித்தான் நடக்க வரும். கோயிலுக்குப் போனால் சம்சாரத்துக்கு முன்னாலும் அப்படித்தான் போவாராம். "என்னிய கலெக்டராக்கிட்டாரு, ஆனா சம்பளம்தான் வரல" என்று அந்த அம்மா சொல்லும்.

அவர் ஆளே எப்படி என்றால், கதவு. அவ்வளவுதான். எல்லாப் பேச்சையும் இரண்டாகப் பிரித்து வைத்திருந்தார், கதவுக்கு உள்ளே, கதவுக்கு வெளியே என்று. டீக்கடையில் ஆட்கள் அவரைச் சீண்டுவார்கள். இத்தனை அதிகாரிகளைப் பார்த்தவர் இல்லையா.

"டவாலி ஐயா, ஒரு கலெக்டரு போன்ல மந்திரிகிட்ட கத்தினாராமே, நீங்க வெளிய நின்னுகினு இருந்தீங்களாமே. அதையாவது சொல்லுங்க."

"அது கதவுக்கு உள்ள நடந்ததுங்க."

"அவரு செத்தே போயிட்டாருங்க."

"கதவு இன்னும் அங்கயேதானே இருக்குது" என்று டீயை ஊதிக் குடிப்பார். ஒருவனும் அவரிடமிருந்து ஒரு வார்த்தை பெயர்த்தது கிடையாது.

தகவல் கேட்டு மனு போட அவரிடம் நிறையப் பேர் வருவார்கள். ஆபீசில் இருக்கிற பேப்பரை யாரும் கேட்டு வாங்கலாம் என்கிற தகவல் சட்டம் அவருக்குத் தலைகீழ்ப் பாடம். ரிட்டையர் ஆன பிறகுதான் படித்தாராம். ஒரு நாள் தியாகதுருகத்துக்காரர் ஒருவர் வந்தார். மச்சான் கவர்மென்ட் வேலையில் இருக்கிறான், அவன் எத்தனை நாள் உடம்பு சரியில்லை என்று லீவு எடுத்தான், என்ன வியாதி, அதைக் கேட்டு எழுதிக் கொடுங்கள் என்றார்.

"வியாதி எதுக்குங்க?"

"சொத்துத் தகராறுங்க. தெரிஞ்சி வெச்சிகினா நல்லதுதான?"

"உங்க மச்சான் வயித்துவலி கதவுக்கு உள்ள. உங்க தெருவுக்குப் போட்ட ரோடு கதவுக்கு வெளிய. ரோடு வேணும்னா சொல்லுங்க, எந்த கான்ட்ராக்டரு, எத்தினி மூட்டை சிமெண்ட்டு, எல்லாம் கேப்போம்."

வந்தவர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு போய்விட்டார். "இன்னா மாமா, வர்ற ஆளையெல்லாம் விரட்டினா என் ஜெராக்ஸு எப்படி ஓடும்?" என்று அந்தப் பெண் சண்டை போட்டாள்.

எங்கள் மனுவுக்கு வருகிறேன். என் பேரில்தான் போடவேண்டும் என்றார். யாருக்கு அரிசி வேண்டுமோ அவர் பேரில் கேட்கவேண்டுமாம். நான் சொல்லச் சொல்ல அந்தப் பெண் டைப் அடித்தாள். "ஏன் எங்களுக்குக் கடை தரவில்லை" என்று போடச் சொன்னேன். டவாலிக்காரர் கையை நீட்டி நிறுத்தினார்.

"ஏன்னு கேக்கக்கூடாதுங்க. ஏன்னு கேட்டா, விளக்கம் சொல்றது எங்க வேலை இல்லன்னு எழுதிடுவாங்க. இருக்கிற பேப்பர கேளுங்க. எங்க மனு எந்தத் தேதியில எந்த மேசைக்குப் போச்சு, அதுல யாரு இன்னா குறிப்பு எழுதினாங்க, காப்பி குடுங்க. அம்புட்டுதான்."

எனக்கு இது புரியவே ரொம்ப நாள் ஆயிற்று. வாழ்நாள் முழுக்க ஏன் என்று மட்டும்தான் கேட்டிருக்கிறேன். ஒருத்தரும் பதில் சொன்னதில்லை.

பத்து ரூபாய் கோர்ட் ஸ்டாம்பு ஒட்டவேண்டும். அதை வாங்கி என் கையில் கொடுத்து, "ஒட்டி, கீழ ரேகை வெச்சி பெட்டியில போட்டுடுங்க" என்று சொல்லிவிட்டு அவர் சாப்பிடப் போய்விட்டார். நான் அழகாக ஒட்டினேன். ஒட்டி, மையில் விரலைத் தோய்த்து, ஸ்டாம்பின் நட்ட நடுவில் பதித்தேன். பத்து நாளில் திரும்பி வந்துவிட்டது, ஸ்டாம்பு கெட்டுப்போயிற்று, செல்லாது என்று.

டவாலிக்காரர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அப்புறம் தோள் குலுங்கியது.

"ஸ்டாம்பு மேலயா வெச்சீங்க?"

"பின்ன? நாங்க எங்க வெச்சாலும் ஸ்டாம்பு மேலதானங்க வெப்போம். மேஸ்திரி கிட்ட கூலி முன்பணம் வாங்கினா அதுதான வழக்கம்."

"அது நாம வாங்கும்போதுங்க. இங்க நாமதான் குடுக்கிறோம். குடுக்கிறவரு ரேகை கீழ இருந்தா போதும்."

இரண்டாவது தடவை அவரே ஒட்டினார். நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன்.

முப்பது நாள் ஆவதற்குள் பதில் வந்தது. ஜெராக்ஸ் கடையில் வைத்து அந்தப் பெண்தான் படித்துச் சொன்னாள். எங்கள் மனுமீது துறை அதிகாரி ஒருவர் அமைச்சருக்கு ஆலோசனைக் குறிப்பு அனுப்பியிருக்கிறார், அது ரகசியம், நகல் தர இயலாது.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. "எங்க வவுத்துக்கு அரிசி கேட்டது எப்படிங்க ரகசியம் ஆவும்? நாங்க தெருவே கேக்கற மாதிரிதான கேட்டோம்?"

டவாலிக்காரர் பதிலை வாங்கி இரண்டு தடவை படித்தார். பிறகு சொன்னார்: "அவங்க எழுதினது சரிதாங்க."

"சரியா?"

"மந்திரிக்கு ஒருத்தரு யோசனை சொல்றாரு. அத்த அன்னிக்கே தெருவுல படிச்சிட்டா, அடுத்த நாள் அவரு யோசனை சொல்லுவாரா? ஊரு இன்னா சொல்லும், கட்சிக்காரரு இன்னா சொல்லுவாருன்னு பயந்துகினு பூசி மெழுகிதான் எழுதுவாரு. அவங்க பேசி முடிக்கிற வரைக்கும் அது கதவுக்கு உள்ளதான்."

இவர் எங்கள் ஆளா, அவர்கள் ஆளா என்றே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. அதற்கு மேல் ஒன்று நடந்தது. அவரோடு வேலை பார்த்தவர் ஒருவருக்கு மெட்ராஸில், அந்த ஃபைல் இருக்கிற ஆபீசிலேயே, வேண்டிய ஆள் இருந்தார். அந்தக் கூட வேலை பார்த்தவர் கடைக்கு வந்து, காதோடு காதாக இல்லை, சத்தமாகவே சொன்னார்: "இதுக்குப் போயி இம்மாம் அலையிறீங்களே. ஒரு போன் போட்டா அந்தப் பக்கத்த செல்லுல படம் புடிச்சி அனுப்பிடுவான். நாளைக்கே வந்துடும்."

நான் எழுந்தே நின்றுவிட்டேன். டவாலிக்காரர் தலையை ஆட்டினார்.

"வேணாங்க."

"இன்னாங்க வேணாம்? மழ வர்றதுக்கு இன்னும் எம்மா நாளு இருக்குது?" என்று நான் கேட்டேன்.

"திருடின பேப்பர வெச்சிகினு நீங்க யாராண்ட போயி பேசுவீங்க? எங்கேந்து வந்துச்சின்னு கேட்டா? எங்க நின்னு சொல்லுவீங்க?"

"நீங்க உங்க ரோசத்தப் பார்க்கறீங்க. எங்க சோத்தப் பார்க்கல."

அவர் முகம் சுருங்கியதைப் பார்த்தேன். பார்த்தும் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன். ஒரு மாசம் அந்தப் பக்கமே போகவில்லை. அந்த ஒரு மாசமும் சம்சாரம் அடுப்பங்கரையிலிருந்து என்னைக் குத்திக்கொண்டு இருந்தாள். "டவாலிக்கு ரோசம், உனக்கு ரோசம். ஓடைக்கும் ரோசம் வரப்போவுது, நான்தான் அதுல எறங்கணும்" என்பாள்.

அவள் சொன்னதுபோல ஒரு நாள் காலையில் ஓடையில் தண்ணீர் நிறம் மாறியது. லேசாகத்தான். மேலே மழை பிடித்துவிட்டது என்று அர்த்தம். அன்றைக்கே பஸ் ஏறினேன். அவர் அதே பெஞ்சில் இருந்தார். நான் போய் நின்றதும், ஒரு மாசம் நடந்ததெல்லாம் நடக்காத மாதிரி தள்ளி இடம் விட்டார்.

"உங்களைத்தான் எதிர்பார்த்துகினு இருந்தேன். அந்த பதில்ல ஒண்ணு இருக்குதுங்க. பேசி முடிக்கிற வரைக்கும்தான் ரகசியம். முடிவு எடுத்துட்டா, எதனால எடுத்தாங்கன்னு எல்லாத்தையும் காட்டணும். அதுவும் சட்டத்துலதான் இருக்குது. இவங்க ரகசியம்னு எழுதியிருக்காங்களே, அப்ப மந்திரி முடிவு எடுத்தாரா, எடுக்கலியா?"

எனக்குச் சட்டென்று பிடிபடவில்லை. ஜெராக்ஸ் கடைப் பெண்தான் மெஷினை நிறுத்திவிட்டுத் திரும்பினாள். "எடுத்துட்டாருன்னா பேப்பரு குடுக்கணும். குடுக்க மாட்டேன்னா, இன்னும் எடுக்கலன்னு ஆவுது. அப்ப அந்த கட்சிக்காரரு சொன்னது?"

"பேச்சு" என்றார் டவாலிக்காரர். "எடுத்தாச்சா இல்லியா, அந்த ஒண்ண மட்டும் கேளுங்க. இந்தத் தடவ நேரா நீங்களே வாயால கேளுங்க. பேப்பரா இருந்தா இந்த மேசையிலருந்து அந்த மேசைக்குத் தள்ளிடுவாங்க. ஆளு எதிர்ல நின்னா தள்ள முடியாது."

"எனக்கு எழுதத் தெரியாதே."

"அதனாலதாங்க. எழுதத் தெரியாதவங்க வாயால கேட்டா, ஆபீசரு எழுதிக்கணும்."

நான் நம்பவில்லை. எனக்காக ஓர் ஆபீசர் பேனாவை எடுப்பாரா? மறுநாள் கலெக்டர் ஆபீசில் அவர் எனக்கு முன்னால் இரண்டடி, நான் பின்னால். உள்ளே இருந்த ஆபீசருக்கு அவரைத் தெரிந்திருந்தது. "உக்காருங்க" என்றார். நான் உட்கார்ந்தேன். டவாலிக்காரர் உட்காரவில்லை. கதவு ஓரமாக நின்றார். முப்பது வருஷமாக நின்ற இடம் அதுதான், கால் தானாகப் போய் நின்றுகொண்டது.

"ஐயா, இவருக்கு எழுத வராதுங்க. வாயால சொல்லுவாரு. தாங்கள் எழுதிக்கணும்னு சட்டத்துல இருக்குதுங்க."

ஆபீசர் அவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மேசை மேல் இருந்த காகிதக் கட்டைப் பார்த்தார். பெருமூச்சு விட்டுக்கொண்டு பேனாவைத் திறந்தார். "சொல்லுங்க."

ராத்திரியெல்லாம் நெட்டுருப் போட்டிருந்தேன். எங்க மனு மேல மந்திரி முடிவு எடுத்தாச்சா இல்லியா, எடுத்தாச்சின்னா எந்தத் தேதி. இவ்வளவுதான். அதைச் சொன்னேன். சொல்லி நிறுத்தியிருக்கவேண்டும். ஆனால் ஓர் ஆபீசர் நான் சொன்னதை எழுதுகிறார். பேனா ஓடுவதைப் பார்த்ததும் என் வாய் நிற்கவில்லை.

"எங்க தலை மேல வெயிலு காயுதுங்க, மழ எங்கயோ மலையில பெய்யுது. ஓடை வர்ற வரைக்கும் எங்களுக்குத் தெரியாது. வந்துட்டா அரிசி அந்தாண்ட, நாங்க இந்தாண்ட. என் சம்சாரம் பாதி ஓடையில அரிசியோட நின்னா. ஒண்ணதான் இழுக்க முடிஞ்சிது, அவள இழுத்தோம். ஏன் சாமி எங்களுக்கு..."

கதவு ஓரத்தில் இருமல் கேட்டது. ஏன் என்று கேட்கக்கூடாது என்பது அப்போதுதான் ஞாபகம் வந்து வாயை மூடினேன். ஆபீசர் நிமிரவே இல்லை. எழுதி முடித்துப் படித்துக் காட்டினார். நான் சொன்ன எல்லாமும் இருந்தது, சம்சாரம் உள்பட.

"அதெல்லாம் வேணாங்கய்யா, கேள்வி மட்டும் போதுங்க" என்றார் டவாலிக்காரர்.

"அவர் சொன்னதத்தான எழுதணும்னு நீங்க சட்டம் பேசினீங்க? சொன்னாரு, எழுதிட்டேன். ஒரு வரியும் அடிக்க மாட்டேன்" என்று ஆபீசர் ரேகை வாங்கிக்கொண்டார். கோபமா கிண்டலா என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை. அந்தக் காகிதத்தை அப்படியே மெட்ராசுக்கு அனுப்பிவிட்டார்.

வெளியே வந்ததும் நான் மன்னிப்புக் கேட்டேன். "கெடுத்துட்டனாங்க?"

"கெடுக்கலீங்க. கொஞ்சம் ஜாஸ்தியா சொல்லிட்டீங்க" என்றார். ஆனால் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் அவர் முகம் சரியில்லை.

பதில் வந்தது. நான்கு வரிதான். மனு அமைச்சரின் பரிசீலனையில் உள்ளது, முடிவு எதுவும் எடுக்கப்படவில்லை. அந்த நான்கு வரியைக் கேட்டதும் எங்கள் தெரு பண்டிகை மாதிரி ஆகிவிட்டது. கடை வந்துவிடவில்லை, இல்லை என்று யாரும் சொல்லவில்லை, அவ்வளவுதான். அதற்கே பெண்கள் குலவை போட்டார்கள். இரண்டு மழைக்காலமாகச் செத்துப்போனதாக நினைத்த மனு உயிரோடு படுத்திருந்தது. எல்லோரும் வேன் பிடித்துக் கலெக்டரிடம் போனோம். அந்தப் பதிலைக் காட்டி, இன்னும் முடிவு எடுக்கவில்லையாம், எங்களுக்காக இன்னொரு தடவை எழுதுங்கள் என்று கேட்டோம். எழுதினார். அந்த மழைக்காலம் எப்படியோ கழிந்தது. அடுத்த கரும்பு வெட்டுக்குள் உத்தரவு வந்துவிட்டது. வாரத்துக்கு இரண்டு நாள், எங்கள் தெருவில் காலியாகக் கிடந்த ஒரு அறையிலேயே கடை. முதல் நாள் அரிசி வாங்கினது என் சம்சாரம். மெஷினில் அவள் ரேகை ஒரே தடவையில் விழுந்தது, எனக்கு மூன்று தடவை ஆயிற்று.

வாழைப்பழம், வெற்றிலை பாக்கு எல்லாம் வாங்கிக்கொண்டு டவாலிக்காரரைப் பார்க்கப் போனேன். அவர் பழத்தை வாங்கிக்கொண்டு, "இப்ப ஒரு மனு போடணும்" என்றார்.

"கடைதான் வந்துடுச்சிங்களே. இன்னும் இன்னாத்துக்கு?"

"முடிவு எடுத்துட்டாங்க இல்ல? இப்ப அந்தக் குறிப்பக் கேக்கலாம். இது உங்களுக்கு உண்டானது."

எனக்கு வேண்டியிருக்கவில்லை. அவர் கேட்டதற்காகப் போட்டேன். தடித்த கவர் ஒன்று என் பேருக்கு வந்தது. பிரிக்காமல் எடுத்துக்கொண்டு போய் அவர் கையில் கொடுத்தேன். அவர் அதை இரண்டு கையாலும் வாங்கி, முன்பக்கம் பார்த்தார், பின்பக்கம் பார்த்தார், திருப்பி என்னிடமே நீட்டினார்.

"உங்க பேருக்கு வந்திருக்குதுங்க. நான் பிரிக்கக்கூடாது."

"எனக்குப் படிக்க வராதுன்னு உங்களுக்குத் தெரியாதா? நீங்கதான் படிக்கப் போறீங்க."

"படிக்கிறேன். நீங்க பிரிச்சிக் குடுங்க."

"மாமா, இந்த ஒண்ணயாவது பிரிங்களேன்" என்றாள் அந்தப் பெண். அவர் அசையவில்லை. நான்தான் பல்லால் ஓரத்தைக் கடித்துக் கிழித்தேன்.

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, நின்றுகொண்டே படித்தார். முதல் குறிப்பு ஒரு அதிகாரி எழுதியது. கார்டு எண்ணிக்கை குறைவு, விதியில் இடமில்லை, மனுவைத் தள்ளிவிடலாம்.

"யாருங்க அது? பேர் போட்டிருக்குமே?"

"போட்டிருக்குது. அது எதுக்குங்க? விதியப் பார்த்து எழுதியிருக்காரு, தப்பா எழுதல." அவர் விரல் அந்த இடத்தைத் தாண்டிப் போயிற்று. இன்றைக்கும் எனக்கு அந்தப் பேர் தெரியாது.

அடுத்தது, கலெக்டர் மறுபடி எழுதிய பிறகு, அதற்கு மேலே இருக்கிற அதிகாரி மந்திரிக்கு எழுதியது. அதைப் படிக்கத் தொடங்கி அவர் நிறுத்திவிட்டார். மறுபடி முதலிலிருந்து தொடங்கினார்.

"'விதிப்படி இடமில்லை என்பது உண்மை. மனுதாரர் வாய்மொழியாகக் கூறியது தகவல் மனு ஒன்றில் பதிவாகி, மாவட்டத்திலிருந்து வந்துள்ளது. அதை அவர் சொற்களிலேயே தருகிறேன்.' கேட்டீங்களா பெரியவரே? 'எங்க தலை மேல வெயிலு காயுதுங்க, மழ எங்கயோ மலையில பெய்யுது...'"

முழுவதும் இருந்தது. பாதி ஓடையில் நின்ற என் சம்சாரமும் இருந்தாள். ஒன்றைத்தான் இழுக்க முடிந்தது என்பதும் இருந்தது. நான் வேண்டாத இடத்தில் நீட்டி முழக்கிய பேச்சு, மந்திரி மேசைக்குப் போன ரகசியக் குறிப்புக்குள் உட்கார்ந்திருந்தது. கீழே, ஆகையால் இந்தத் தெருவுக்கு விதியைத் தளர்த்தலாம் என்று எழுதி, அதன் கீழே மந்திரியின் கையெழுத்து.

நான் அழவில்லை. அவர்தான் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்தார். துடைத்தும் போட்டுக்கொள்ளவில்லை.

"முப்பது வருசத்துக்கு மேல இந்த மாதிரி கவரு எம்மாம் தூக்கியிருப்பேன். அரக்கு சீல் வெச்சி, நெஞ்சோட அணைச்சிகினு போவேன். உள்ள நம்பரும் விதியுமாத்தான் இருக்கும்னு நெனச்சிகினு இருந்தேங்க. மனுசங்க ஒருத்தருக்கொருத்தர் எடுத்துச் சொல்லிக்கிற மாதிரி இருக்கும்னு நெனக்கவே இல்ல."

ஜெராக்ஸ் கடைப் பெண் மெஷினை நிறுத்திவிட்டிருந்தாள். அப்புறம் அவர் அந்தக் காகிதங்களை ஓரம் தட்டி அடுக்கி என்னிடம் கொடுத்தார். கொடுத்துவிட்டு, பள்ளிக்கூடப் பையன் வாத்தியாரிடம் கேட்கிற மாதிரி கேட்டார்.

"பெரியவரே, இதுல ஒரு காப்பி நான் எடுத்துக்கலாங்களா?"

"இத்தப் போயி கேக்கணுமா?"

"உங்க பேப்பருங்க. கேக்கணும்."

எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன். அந்தப் பெண் காப்பி எடுத்தாள், காசு வாங்கவில்லை. அவர் அதை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்து, பித்தான் போட்டுக்கொண்டார்.

இப்போது அவர் மகள் வீட்டோடு கடலூர்ப் பக்கம் போய்விட்டார். போன் செய்தால் முதல் கேள்வி, அரிசி ஒழுங்காகப் போடுகிறார்களா என்பதுதான். போடுகிறார்கள்.

இவ்வளவு நேரம் கேட்டீர்கள், ஒரு வேலை செய்யுங்கள். உங்கள் பக்கத்தில் எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் இருப்பார்கள். தெரியாததால் ஆபீஸ் வாசலோடு திரும்பி வந்தவர்களும் இருப்பார்கள். வாயால் கேட்டாலும் ஆபீசர் எழுதிக்கொள்ள வேண்டும், அது சட்டத்தில் இருக்கிறது. இதை அவர்களில் ஒருவருக்காவது சொல்லிவிடுங்கள். அவர் இன்னொருவருக்குச் சொல்லட்டும்.